இரண்டாம் மாடிச் செருப்புகள்

ஓய்வு பெற்ற பிறகு பல்கலைக்கழகம் என்னைத் திரும்ப அழைத்தபோது, என் அனுபவத்துக்குக் கிடைத்த மரியாதை என்று வீட்டில் சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. தீ பாதுகாப்புக் குழுவுக்கு ஓர் ஆலோசகர் தேவைப்பட்டார். பணியில் இருந்த எவரும் அந்த நாற்காலியில் உட்காரத் தயாராக இல்லை. நிர்வாகப் பிரிவிலேயே தலை நரைத்தவனுக்கு விதிகள் அத்தனையும் தெரியும், ஏதாவது நடந்தால் அவன்மேல் பழி போடவும் தோது. திண்டுக்கல்லிலிருந்து டவுன் பஸ் ஏறிப் போய்வரத் தொடங்கினேன்.

வெளியேறும் நடைமுறையை நானே எழுதினேன். மணி அடித்ததும் மின்சாரத்தை நிறுத்துவது யார், எந்தத் துறை எந்தப் படியில் இறங்குவது, லிப்டை ஏன் தொடக்கூடாது, மைதானத்து வேப்பமரத்தடியில் யார் பெயர் கூப்பிடுவது என்று எல்லாம் அதில் உண்டு. செருப்பைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை.

கணினி ஆய்வகம் இரண்டாம் மாடியில் இருந்தது. நம் ஊரில் கணினி இருக்கும் அறைக்கும் சாமி அறைக்கும் ஒரே ஆசாரம்தான். செருப்பை வெளியே விட வேண்டும். வாசலுக்கும் படிக்கட்டுக்கும் இடையில் இருந்த கொஞ்ச இடமும் செருப்புகளுக்கே சொந்தம்.

முதல் ஒத்திகைக்கு முந்தின நாளே சுற்றறிக்கை போய்விட்டது. ஆகவே மணி அடிக்கும் முன்பே பல துறை மாணவர்கள் பையும் டிபன் பாக்ஸுமாக வேப்பமரத்தடியில் உயிர் பிழைத்து உட்கார்ந்திருந்தார்கள். செய்முறை வகுப்பு நடந்ததால் கணினி ஆய்வகத்துப் பெண்கள் மட்டும் மாடியில் இருந்தார்கள். நானும் அங்கே போய் நின்றேன். மணி அடித்தது. ஓடி வந்தவர்கள் வாசலில் அப்படியே நின்று குனிந்தார்கள்.

"ஏய், அது என்னுதுடி!"

"விட்டுட்டு வாடி."

"போன வாரம்தான் வாங்குனேன். தொலைச்சேன்னா எங்கம்மா கொன்னுரும்."

"தீயில வெந்து செத்தா?"

"அப்ப ஒண்ணும் சொல்லாது. நீ காலை எடு."

கூட்டம் ஒருவழியாக இறங்கிய பிறகு, ஒரு பெண் மட்டும் நிலைக்கதவைப் பிடித்தபடி நின்றிருந்தாள். பிறவியிலேயே அவளுக்கு ஒரு கால் குட்டை. அடித்தோல் உயர்த்திச் செய்த ஷூ போட்டால்தான் படியில் நிற்க முடியும். அதையும் அவள் எல்லோரையும் போல வெளியே கழற்றி வைத்திருந்தாள்.

"என் ஷூவ மிதிச்சுத் தள்ளிட்டாளுக சார். அந்தா, கீழ படி திரும்புற எடத்துல கெடக்கு."

எடுத்துவந்து கொடுத்தேன். அவள் அதை மாட்டிக் கயிறு கட்டி, கைப்பிடியைப் பிடித்து மெல்ல இறங்கி வருவதற்குள் மரத்தடியில் வடையும் டீயும் கொடுத்து முடித்திருந்தார்கள். யாரும் அவளைத் தேடவில்லை. பெயர் கூப்பிட்டபோது, வகுப்பில் செய்யும் பழக்கத்தில், அவளுடைய தோழியே அவளுக்கும் சேர்த்துக் குரல் கொடுத்திருந்தாள்.

குழுக் கூட்டத்தில் செருப்பை உள்ளே அனுமதிக்கச் சொன்னேன்.

"தூசி சார்," என்றார் கணினித் துறைத்தலைவர். "ஒரு மெஷின் போச்சுன்னா நீங்களா வாங்கித் தருவீங்க? அந்தப் புள்ள ஒண்ணுதான பிரச்சினை? அடுத்த ஒத்திகைக்கு அதுக்கு லீவு குடுத்துருவோம். அட்டெண்டன்ஸும் போட்டுருவோம். பாவம், அலைச்சல் மிச்சம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். இரக்கம் கலந்த தீர்மானங்கள் எப்போதும் ஒருமனதாக நிறைவேறும். அவளிடம் சொல்லும் வேலை எனக்கு வந்தது.

அவள் குஜிலியம்பாறைப் பக்கத்திலிருந்து பஸ் மாறி வருபவள். ஆய்வக வாசலில் தோழியோடு நின்று கேட்டாள்.

"எனக்கு லீவா? நெசமா தீப்பிடிக்கப் போகுதுன்னா அதுக்கும் மொத நாளே சொல்லிருவீங்களா சார்?"

குழுத் தீர்மானத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

"சரி, நான் என்ன செய்யணும்னு உங்க விதியில போட்டிருக்கு?"

அது எனக்கு மனப்பாடம். நடக்க இயலாதவர்கள் படிக்கட்டின் அருகே காத்திருக்க வேண்டும்; அதற்கென நியமிக்கப்பட்டவர் வந்து அழைத்துச் செல்வார்.

"யாரு அவரு?"

ஆய்வக உதவியாளர். அந்தப் பணியிடம் நெடுநாளாகக் காலியாக இருந்தது. அதையும் சொன்னேன்.

அவள் ஷூவைத் தோழியிடம் கொடுத்துவிட்டு மேல்படியில் உட்கார்ந்தாள். இரு உள்ளங்கைகளையும் ஊன்றி, உட்கார்ந்தபடியே படிப்படியாக இறங்கினாள். நான் நடந்து இறங்குவதைவிட வேகம்.

"எங்க வீட்டு மொட்டமாடிப் படியில இப்படித்தான்," என்று கீழிருந்து சொன்னாள். "ஆனா முன்னால போகவா, பின்னால போகவா? முன்னால போனா வர்றவளுக எம்மேல ஏறி விழுவாளுக. பின்னாலன்னா பொகை."



"நீ முன்னால போடி. நான் பின்னால நின்னு மறிக்கிறேன்," என்றாள் தோழி.

"நீ செருப்புத் தேடிக்கிட்டு இருப்ப."

"தேட மாட்டேன்."

"போன தடவ தேடுன. எனக்கு அட்டெண்டன்ஸும் குடுத்த."

தோழி கையிலிருந்த ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த முறையை நடைமுறையில் சேர்க்கலாமா என்று குழுவில் கேட்டேன். பெண் பிள்ளை தரையில் தேய்த்து இறங்குவது பார்க்க நன்றாக இருக்காது என்றார்கள். காத்திருக்க வேண்டும் என்ற வரி அப்படியே நிற்கிறது. காத்திருக்காதே என்று அவளிடம் தனியாகச் சொன்னேன். நான் எழுதிய விதியை மீறும்படி ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னது சரியா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

இரண்டாவது ஒத்திகை அன்று அவள் லீவு எடுக்கவில்லை. கதவுக்குப் பக்கத்து இருக்கையில் இருந்திருக்கிறாள். மணி அடித்ததும் முதல் ஆளாகப் படியில் உட்கார்ந்தாள். நான் கீழிருந்து பார்த்தேன். தோழி வெறுங்காலோடு இரண்டு கைகளையும் விரித்து மறித்தபடி பின்னால் வந்தாள். அவளுக்குப் பின்னால் கூட்டம். "நகருங்கடி", "என்னடி ஊர்வலமா?" என்று சிரிப்பும் கத்தலுமாக இருந்தது. திருப்பத்தில் யாரோ தள்ளியதில் தோழி சறுக்கினாள். அவளுடைய முழங்கால் கீழே இருந்தவளின் தோளில் இடித்தது. ஆனாலும் விரித்த கைகளை அவள் மடக்கவில்லை. எல்லோரும் இறங்கிவிட்டார்கள்.

துறைத்தலைவர் கை தட்டினார். தோழி மேலே ஏறிப்போய் ஷூவை எடுத்துவந்து கொடுத்தாள். அவள் தரையில் உட்கார்ந்து அதை மாட்டிக்கொண்டிருந்தாள். உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது. நன்றாக இறங்கினாய் என்றேன்.

"இன்னைக்குப் பொய்யின்னு எல்லாருக்கும் தெரியும் சார்," என்றாள் நிமிராமல். "அதான் என்னைய மிதிக்கல."