போல்ட்டின் தலையில் ஆறு கோடுகள்

அப்பா பேருந்தில் டிக்கெட் பரிசோதகர். ஜன்னலுக்கு வெளியே அளவுக்கு மீறி ரசித்துப் பார்ப்பவரிடம்தான் முதலில் டிக்கெட் கேட்பார். இருபத்திரண்டு வருடம் இதே வேலை. வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் ஓய்வதில்லை. பால் பொங்கி வழிந்தால்கூட அடுப்பைக் கூட்டி வைத்தது யார் என்றுதான் கேட்பார். தெருவில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். அது அவருக்கும் தெரியும். யார் வைத்த பெயர் என்று இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

மோட்டார் சைக்கிளை எந்த மெக்கானிக்கிடமும் விடமாட்டார். ஒருமுறை நல்ல சாமானை எடுத்துக்கொண்டு பழையதை மாட்டிவிட்டார்களாம். அதிலிருந்து எல்லா வேலையும் வீட்டு வாசலில்தான். எஞ்சினின் பக்கவாட்டு மூடியில் எட்டு போல்ட்டுகள். என் சிவப்பு நகப்பூச்சை எடுத்து ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கோடு போட்டு, அதை மூடியின் மேலும் நீட்டியிருந்தார். யாராவது கழற்றி மாட்டினால் இரண்டு கோடும் நேராக நிற்காது.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, இரண்டு நாள் வண்டியை வாங்கிப் போய்த் திருப்பித் தந்தார். மறுநாள் காலை வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு எண்ணெய். அப்பா குனிந்து பார்த்தார். கோடுகள் எல்லாம் நேராக இருந்தன.

"பார்த்தியா, எவ்வளவு கவனமா திருப்பி மாட்டியிருக்கான்," என்றார்.

உள்ளே எதை மாற்றியிருக்கிறார் என்று பார்க்க மூடியைக் கழற்றத் தொடங்கினார். ஆறாவது போல்ட்டில் 'டிக்' என்று ஒரு சத்தம். தலை மட்டும் ஸ்பானரோடு வந்தது. உடல் எஞ்சினிலேயே நின்றுவிட்டது. மற்றவற்றைக் கழற்றி மூடியை எடுத்தபோது உள்ளே எல்லாம் அப்படியே இருந்தன. அதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். உடைந்த தலையைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மாமாவுக்குப் போன் போட்டார்.

"அத்தான், பெட்ரோல் போட்டதைத் தவிர நான் வண்டியில கை வைக்கல."

"பெட்ரோல் போடச் சொன்னது யாரு?"

அதற்குமேல் அம்மாவால் பொறுக்க முடியவில்லை. போனை வாங்கி வைத்தார். "தெரிஞ்சவங்ககிட்ட காட்டிக் கேளுங்க. அவன் கழட்டியிருந்தா இனிமே இந்த வீட்டுக்கு வர வேணாம்னு நானே சொல்றேன். கழட்டலைன்னா நீங்க சொல்லணும். உங்க வாயால."

"சொல்றேன்," என்றார் அப்பா. தோற்கப்போகிறவரின் குரல் அல்ல அது.

திறந்த எஞ்சினுக்குப் பிளாஸ்டிக் பையைக் கட்டி, இரண்டு தெரு தள்ளியிருந்த வெல்டிங் கடைக்கு வண்டியைத் தள்ளிப் போனோம். நான் சாட்சி. உடைந்த துண்டு விரல் நகமளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வெல்டிங்காரர் அதன்மேல் ஒரு நட்டை வைத்தார்.

"கண்ணைத் திருப்பிக்குங்க சார்."

"நீ பார்த்துக்கோ," என்றார் அப்பா என்னிடம்.

"ரெண்டு பேரும்தான்."

வேலை செய்கிறவர் கையிலிருந்து அப்பா கண்ணை எடுத்து நான் பார்த்தது அன்றுதான். பற்றவைத்த நட்டு ஆறியதும் வெல்டிங்காரர் ஸ்பானரைப் போட்டு மெல்லத் திருப்பினார். துண்டு முழுதாக வந்துவிட்டது.

"கழுத்து இழுபட்டு மெலிஞ்சிருக்கு பாருங்க. ஒரே தடவையில இப்படி ஆகாது. யாரோ விடாம இறுக்கியிருக்காங்க."

"யாரோ," என்று சொல்லி அப்பா என்னைப் பார்த்தார்.

"தலை எங்க?"

அப்பா காகிதத்தைப் பிரித்தார். தலையில் ஒரு கோடு இல்லை. விசிறி மாதிரி ஆறு சிவப்புக் கோடுகள்.

"இது என்ன சார், கடிகாரமா?"

எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையானால், தளர்ந்திருக்குமோ என்று அப்பா எட்டையும் ஒரு நூல் இறுக்குவார். இறுக்கினால் கோடு விலகும். உடனே மூடியின் கோட்டுக்கு நேராகத் தலையில் புதுக் கோடு. என் நகப்பூச்சு அப்படித்தான் தீர்ந்தது. அப்பா கையோடு கொண்டுவந்திருந்த மற்ற ஏழு போல்ட்டுகளையும் எடுத்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். எல்லாவற்றிலும் ஆறு.

"வாரா வாரம் இறுக்கினா இரும்பு எவ்வளவுதான் தாங்கும்? மூடியும் வளைஞ்சிருக்கு. அதான் எண்ணெய் கசியுது," என்றார் வெல்டிங்காரர்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என் முகத்தைப் பார்த்தார். கேள்வி கேட்காமல் போனை எடுத்து நீட்டினார். அப்பா அதை வாங்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

"இங்கேயே பேசுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க."

"என்மேல நம்பிக்கை இல்லையா?"

"யார்கிட்ட கத்துக்கிட்டேன்னு நினைக்கிறீங்க?"

அப்பா ஸ்பீக்கரில் போட்டார். "மாப்பிள்ளை, அந்த போல்ட்டை நான்தான் உடைச்சிருக்கேன். உன் கை படல."

"அக்கா சொல்லச் சொன்னாளா?" என்றார் மாமா.

"கூப்பிடச் சொன்னா. கோட்டை எண்ணிப் பார்த்தது நான்."

"சரி. சனிக்கிழமை வர்றேன். வண்டியை நீங்களே ஓட்டுங்க அத்தான். நான் பின்னாடி கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்துக்கறேன்."

"கையைக் கட்டினா விழுந்துடுவே," என்றார் அப்பா. "என் தோளைப் பிடிச்சுக்கோ."