எச்சிலும் அயோடினும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் வீட்டில் எல்லோரும் எச்சில் துப்பினோம். சண்டை இல்லை... படிப்பு!

மகள் ஸ்வாதிக்குப் பதினொன்றாம் வகுப்பு. பயாலஜியில் செல், என்சைம் என்று பாடம் ஓடுகிறது. கஞ்சித் தண்ணீரில் அயோடின் விட்டால் நீலமாகுமாம். எச்சில் கலந்து ஊறவைத்தால் ஆகாதாம் — எச்சிலில் உள்ள என்சைம் மாவுச்சத்தை உடைத்துவிடுமே! அதை வீட்டில் செய்து பார்க்கச் சொல்லியிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து என் கணவர் வாக்கிங் முடித்து உள்ளே வந்தார். ஜீடிமெட்லாவில் மருந்துக் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி கன்ட்ரோல். ரசம் வைத்தாலும் சாம்பிள் கேட்கிற ரகம்.

அவருக்குச் சுகர். இரண்டு மாதமாக தினமும் ஏ.எஸ்.ராவ் நகரைச் சுற்றுகிறார். வீட்டில் இட்லி, தோசை கிடையாது. முட்டைதான். அப்படியும் சுகர் இறங்கவில்லை. அடுத்த டெஸ்ட்டிலும் இப்படியே இருந்தால் இன்சுலின் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்த மனுஷன் இவ்வளவு நடந்துமா என்று நான் சாமியிடம் சண்டையே போட்டேன்.

"பிளாங்க் போட்டியா?" என்றார் மகளிடம்.

"அது எதுக்கு டாடி?"

"வெறும் எச்சில்ல அயோடின் விட்டா நீலம் வராதுன்னு முதல்ல காட்டணும். பிளாங்க் இல்லாத டெஸ்ட் எங்க லேப்ல குப்பைக்குத்தான் போகும். இந்தா, என்னோடதையே எடுத்துக்கோ!"

துப்பினார். பெருமையாக.

ஒரு சொட்டு அயோடின். மை கொட்டியது போல நீலம்!

"டாடி, ப்ளூ அயிபோயிந்தி!" பரபரப்பானால் ஸ்வாதிக்குத் தெலுங்குதான் வரும். "உங்க வாயில ஸ்டார்ச் உந்தி... மாவுச்சத்து இருக்கு!"

"அயோடின் பழசா இருக்கும்..."

"ஏங்க, வாயைத் திறங்க" என்றேன். பல்லிடுக்கில் வெள்ளையாக ஒரு துணுக்கு.

"பஸ் ஸ்டாப் பக்கத்துல ஒரு இட்லி வண்டி... ரெண்டே ரெண்டுதான்..."

"தினமுமா?"

அவர் அயோடின் பாட்டிலில் எக்ஸ்பைரி தேதியைத் தேட ஆரம்பித்தார்.

கோபம் வந்தது. அதைவிட நிம்மதி அதிகம் — கோளாறு உடம்பில் இல்லை, இட்லியில்! பிள்ளைகளின் பாடத்தில் மூக்கை நுழைக்கும் அப்பாக்கள் முதலில் வாயைக் கொப்பளிக்க வேண்டாமோ?

மறுநாள் வாக்கிங்குக்கு நானும் கிளம்பினேன். இட்லி வண்டிக்காரர் அவரைப் பார்த்ததும் தட்டை எடுத்துவிட்டார். "மேடம்கு கூடா, சார்?" மேடத்துக்கும் சேர்த்தா என்கிறார்.

"மேடத்துக்கு மட்டும்" என்றேன். நான் சாப்பிட்டேன். அவர் பார்த்துக்கொண்டு நின்றார். சட்னி பிரமாதம்.

அடுத்த டெஸ்ட்டில் அவருக்குச் சுகர் கட்டாயம் இறங்கிவிடும். எனக்குத்தான்... சொல்வதற்கில்லை.