கல்லிடைக்குறிச்சியில் கை நனைக்காமல் திரும்பியது

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எந்த ர, எந்த ற என்று இன்றைக்கும் சந்தேகம்தான். எங்கள் பேட்டை நூலகத்தில் ஆளுக்கொரு பயணத்தை எழுதித் தரச் சொன்னார்கள். மற்றவர்கள் காசிக்கும் மூணாறுக்கும் போனதை எழுதிவிட்டார்கள். நான் போனது பேட்டையிலிருந்து கல்லிடைக்குறிச்சி வரைக்கும்தான். ரயிலில் முப்பது கிலோமீட்டர் இருக்கலாம். ஆனால் காசிக்குப் போனவர்கள்கூட இப்படி அதிர்ந்துபோய்த் திரும்பியிருக்க மாட்டார்கள்.

ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காலையில் செங்கோட்டை பாசஞ்சரைப் பிடிக்க நானும் என் மனைவி பேச்சியம்மாளும் பேட்டை ஸ்டேஷனில் நின்றோம். டிக்கெட் ஆளுக்குப் பத்து ரூபாய். மேற்கே மலை தெரியவில்லை, மேகம் மூடியிருந்தது. குற்றாலத்தில் சாரல் விழுகிறது என்று பக்கத்தில் பேசிக்கொண்டார்கள்.

எங்கள் மகள் கோமதிக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிறோம். அங்கே அவர்களுக்கு அப்பளத் தொழில். பையன் பெயர் சங்கரன். போன வாரம் வந்து பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். ஆடிக்கு முன்னால் பேசி முடித்து, ஆவணியில் கல்யாணம் வைக்க வேண்டும் என்று அவர்களுக்கு அவசரம். எங்கள் பக்கத்துப் பழக்கத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிற பெண் வீட்டார் தண்ணீர் குடிக்கலாம், காப்பி குடிக்கலாம். இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று ஆகிவிடும். அதைக் கை நனைப்பது என்போம். கை நனைத்துவிட்டு வருவதாகத்தான் நாங்கள் கிளம்பினோம்.

கோமதி சம்மதம் சொன்ன விதம் இது: "ஆளு நல்லவங்களாத்தான் தெரியுதுப்பா. மனசுல ஒண்ணும் தோணல. அதுக்கென்ன, பிடிக்க வச்சுக்கிடலாம்."

அவள் சும்மா சொல்லவில்லை. காப்பியில் சீனியை அள்ளிப் போட்டுக் குடித்த பிள்ளை அவள். விடாமல் பழகினால் எந்த ருசியையும் மாற்றிவிடலாம் என்று போனில் யாரோ பேசியதைக் கேட்டுவிட்டு, ஒரே நாளில் சீனியை நிறுத்தினாள். முதலில் ஒவ்வொரு வாய்க்கும் முகத்தைச் சுளித்தாள். இப்போது சீனி போட்ட காப்பியைக் கொடுத்தால் பாதியில் வைத்துவிடுகிறாள். "நாக்கையே மாத்தியாச்சு, இது முடியாதாப்பா?" என்றாள். எனக்கு அது சரியான பேச்சாகத்தான் பட்டது.

வண்டியில் கூட்டம் இல்லை. நான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். புது ஆட்களிடம் எனக்குப் பேச வராது. பேச்சியம்மாள் அப்படியில்லை. எதிரே இருந்த பெரியவர் வீரவநல்லூரில் அல்வாக் கடை வைத்திருக்கிறார் என்பதும், அவருக்குச் சர்க்கரை நோய் என்பதும் வண்டி நகர்ந்த கொஞ்ச நேரத்தில் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"நானே கிண்டுதேன், நானே திங்கக்கூடாதாம். என்ன நியாயம் தாயி இது?" என்றார் அவர்.

"நாக்கை மாத்திரலாம் அண்ணாச்சி. எம்மவ மாத்திட்டா."

"அது சின்னப்பிள்ள. என் நாக்கு கேக்குமா? இது கிழட்டு நாக்கு."

"நாக்கு என்ன அண்ணாச்சி, மூக்கையே மாத்தலாம். நான் மாத்தியிருக்கம்லா."

நானும் திரும்பிப் பார்த்தேன். அவள் பெரியவரைப் பார்த்தே சொன்னாள்.

"இவுகளுக்கு டயர் பட்டறையில வேல. தேஞ்ச டயருல ரப்பர ஒட்டி வேக வைப்பாங்கள்லா, அந்த நாத்தம். நான் கெட்டிக்கிட்டு வந்த புதுசுல இவுக வாசல்ல நுழைஞ்சாலே எனக்குக் குமட்டிரும். அடுப்படியில போய் நின்னுக்கிடுவேன். யார்ட்டப் போய்ச் சொல்ல? பெறகு நானே ஒரு முடிவு எடுத்தேன். தெனமும் சட்டையத் துவைக்கதுக்கு முன்னால மூஞ்சியில வச்சு மோந்து பாக்கது. குமட்டக் குமட்ட மோந்து பாக்கது."

"பெறகு?"

"பெறகென்ன, பிடிச்சுப்போச்சு. இப்ப இவுக லீவு நாள்ல குளிச்சிட்டு வந்து பக்கத்துல இருந்தா, யாரோ வேத்தாளு வந்து இருக்க மாதிரி இருக்கு."

பெரியவர் என் முழங்காலில் தட்டினார். "நீரு குடுத்து வச்சவரு வே."

எனக்குச் சிரிக்க வரவில்லை. நான் வேலை முடிந்து வரும்போதெல்லாம் அவள் அடுப்படிக்குள் போய் நின்றதை, புதுப்பெண்ணின் வெட்கம் என்று இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதை நினைத்து எத்தனையோ நாள் எனக்குள்ளேயே சந்தோஷப்பட்டும் இருக்கிறேன்.

அதோடு அவள் நிறுத்தவில்லை.

"ஆனா ஒண்ணு அண்ணாச்சி. அந்த நாத்தம் பிடிச்ச பெறகு பூ வாசம் போயிட்டு. பிச்சிப்பூன்னா எனக்கு உசிரு. இப்ப மூக்குல வச்சாலும் காயிதப்பூ மாதிரிதான் இருக்கு. இவுக வெள்ளிக்கிழம தோறும் வாங்கிட்டு வாராக. நான் சாமி படத்துல போட்டுருதேன்."

கத்தரிக்காய் விலை சொல்வதுபோலச் சொன்னாள். அவளுக்குப் பக்தி அதிகம் என்று நான் பட்டறையில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன்.

சேரன்மகாதேவிக்கு முன்னால் வண்டி ஆற்றுப் பாலத்தில் ஏறியது. கீழே தாமிரபரணியில் ஆட்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். பாறை மேல் சேலைகள் காய்ந்தன. கரையில் மருத மரங்கள் நின்றன. இதையெல்லாம் நன்றாக எழுத வேண்டும் என்று கிளம்பும்போது நினைத்திருந்தேன். கண் பார்த்தது, மனதில் ஒன்றும் நிற்கவில்லை. பக்கத்தில் இருக்கிறவளைத் திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது.

வீரவநல்லூரில் பெரியவர் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். "நான் நாக்கை மாத்தல தாயி. அல்வாவும் போயி, அது பிடிச்ச நெனப்பும் போயிட்டுன்னா, பெறகு நான் யாரு?" என்று சொல்லிவிட்டு இறங்கினார். வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் பேச்சியம்மாள் அதன் பிறகு வாயைத் திறக்கவில்லை. வயலும் வாழையும் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தன.

கல்லிடைக்குறிச்சியில் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் வீடு. தெருவுக்குள் நுழையும்போதே உளுந்து மாவு வாசம் வந்தது. வீட்டு முற்றத்தில் பாய் விரித்து அப்பளம் காயவைத்திருந்தார்கள். சங்கரன் வாசலுக்கு வந்து கும்பிட்டு அழைத்துப் போனான். தன்மையான பையன். அவனுடைய அம்மா சிவகாமி காப்பி கொடுத்தார்கள். தாய்மாமன் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் நடத்திக்கொண்டிருந்தார். வீடு, கிணறு, அப்பளம் உருட்டுகிற இடம் எல்லாம் காட்டினார்கள். குறை சொல்ல ஒன்றும் இல்லை.

பன்னிரண்டு மணி வாக்கில் இலை போட்டார்கள். தேங்காய்ப்பால் விட்ட சொதி, இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு, அப்பளம். சொதியின் மணம் வந்ததும் எனக்கு வயிறு இரைந்தது. நான் இலை முன்னால் உட்கார்ந்துவிட்டேன், பேச்சியம்மாள் உட்காரவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் ஏன் நிற்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பல பேர் பார்த்தால் எனக்குக் கை எங்கே வைப்பது என்று தெரியாது. அந்தக் கை தானாகப் போய் அப்பளத்தை எடுத்துவிட்டது. கடித்தும் விட்டேன். அது நொறுங்கிய சத்தம் வீடு முழுக்கக் கேட்டதுபோல இருந்தது.

"அப்புறம் என்ன, கை வச்சாச்சு," என்றார் தாய்மாமன். "ஆவணியில நாள் பாத்துருவோம்."

பேச்சியம்மாள் என் பக்கத்தில் வந்து, "அப்பளத்த மெல்ல அங்கன வைங்க," என்றாள். மீதி அப்பளத்தை இலையில் வைத்தேன்.

அவள் சிவகாமியிடம் திரும்பினாள். "மதினி, தப்பா நெனைக்காதீங்க. எம்பிள்ள சரின்னு சொல்லியிருக்கா. பிடிச்சிருக்குன்னு சொல்லல."

சிவகாமி கையில் சொதிக் கரண்டி அப்படியே நின்றது. "நாமல்லாம் பிடிச்சா கெட்டிக்கிட்டோம் மதினி? பழகப் பழகப் பிடிச்சுப்போச்சு."

"பிடிச்சுப்போச்சு மதினி. அதுக்குப் பதிலா என்ன போச்சுன்னு நம்மள யாரும் கேக்கல."

தாய்மாமன் என்னைப் பார்த்தார். "என்னவே, உம்ம வீட்டுல யாரு பேச்சு எடுபடுது?"

நாலு பேர் முன்னால் நான் வாய் திறந்ததே இல்லை. "அவ சொல்லுததுதான்," என்றேன். அவ்வளவுதான் வந்தது.

"அப்ப நீரு தின்ன அப்பளம்?"

அதற்குச் சங்கரன்தான் பதில் சொன்னான். "விடுங்க மாமா. சரக்கு எடுக்க வாரவங்க எல்லாரும் ஒண்ணக் கடிச்சுப் பாத்துட்டுத்தான போறாங்க. எல்லாரும் எடுக்கவா செய்யுதாங்க?" அவன் முகம் சிவந்திருந்தது. ஆனாலும் எங்களை அவமானப்படாமல் எழுந்திருக்க விட்டான். இப்படிப்பட்ட பையனைப் பார்த்து ஒரு பெண்ணின் மனதில் ஒன்றுமே தோன்றாமல் போகுமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆனால் தோன்றவில்லை என்றுதானே அவள் சொன்னாள்.

செருப்பு மாட்டும்போது சிவகாமி பின்னாலேயே வந்தார்கள். திட்டப் போகிறார்கள் என்று நினைத்தேன். பேச்சியம்மாளிடம் தணிந்த குரலில் சொன்னார்கள்: "நான் வந்த புதுசுல உளுந்து வாசம் எனக்கு ஆகாது மதினி. வாந்தியே எடுத்திருக்கேன். இப்ப அது இல்லாட்டி உறக்கம் வராது. பதிலுக்கு எது போச்சுன்னு யோசிச்சுப் பாக்கேன், ஞாபகமே வரமாட்டேங்கு."

அதைக் கேட்டதும் பேச்சியம்மாளைத் திரும்பிப் பார்த்தேன். என்ன போயிற்று என்று பேச்சியம்மாளுக்காவது தெரிந்திருக்கிறது.

ஸ்டேஷனுக்கு வந்து, வாசலில் வடை வாங்கித் தின்றோம். திரும்பும் வண்டிக்கு வெகுநேரம் இருந்தது. பேச்சியம்மாள் போன் போட்டாள். "கோமதி, நாங்க கை நனைக்கல."

"சரிம்மா" என்றாள், பழைய துள்ளலோடு. பக்கத்தில் இருந்த எனக்கும் கேட்டது. ஒரு வாரமாக அந்தக் குரல் எங்கள் வீட்டில் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பிளாட்பாரத்தில் வேறு யாரும் இல்லாததால் நான் கேட்டேன். "என் சட்ட நாத்தம் இப்பப் பிடிச்சிருக்குன்னு வண்டியில சொன்னியே. அது நெசந்தானா?"

"நானே பாடுபட்டு உண்டாக்குனது," என்றாள். "பொய்யா இருக்குமா?"

பேட்டைக்கும் கல்லிடைக்குறிச்சிக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அங்கே உளுந்து வாசம், இங்கே ரப்பர் நாற்றம். இரண்டு ஊரிலும் பெண்கள் அதைப் பிடிக்க வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆண்களுக்குத் தெரியாது.

அடுத்த வெள்ளிக்கிழமை பூக்காரியைத் தாண்டி வெறுங்கையோடு வீட்டுக்குப் போனேன்.

"பூ எங்க?" என்றாள்.

"உனக்குத்தான் வாசம் தெரியாதே."

"வாங்கிட்டு வாங்க. சட்டைய மோந்த மாதிரி இதயும் மோந்து பாக்கேன். திரும்பி வருதான்னு பாப்பம்."

அன்றிலிருந்து தினமும் வாங்குகிறேன். விளக்கு வைத்ததும் பூவை முகத்தில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்காருகிறாள். "பூ வாசம் முழுசா வந்துட்டுன்னா, உங்க சட்ட மறுபடி குமட்டுமோ என்னமோ," என்று ஒரு நாள் சொல்லிச் சிரித்தாள். கோமதியும் சேர்ந்து சிரித்தாள்.

இன்றைக்கு நான் பட்டறையிலிருந்து வந்தபோது பூவை மூக்கில் வைத்திருந்தாள். "லேசா என்னமோ தெரியுது," என்றாள். அவள் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. போய்க் குளிப்பதா, இந்தச் சட்டையோடு அவள் பக்கத்தில் போய் உட்காருவதா என்று தெரியாமல், வாசல் பக்கமாக உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஆவணி மாதம், கடைசி வெள்ளிக்கிழமை.