அப்பாவின் கை மரமான சீசன்

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது அப்பா மரமாக மாறத் தொடங்கினார். முதலில் போனது வலது கை.

கொடைக்கானலில் வெள்ளைக்காரர்கள் நடத்திய ஒரு பள்ளிக்கூடத்தில் அப்பா ட்ரில் மாஸ்டர். வெள்ளனே எழுந்து ஏரியை ஒரு சுற்று ஓடிவிட்டு வந்து, மூச்சு வாங்காமல் காப்பி கேட்பார். அந்த வருடம் சீசனுக்காக, பள்ளியின் நாடக டீச்சரம்மா ஒரு பழைய வெளிநாட்டுக் கதையை மேடையேற்றினார். அதில் பேச்சே கிடையாது, எல்லாம் உடம்புதான். ஒரு குமாஸ்தா காலையில் விழித்துப் பார்த்தால் அவன் கை கட்டையாகியிருக்கிறது. பிறகு கால், கழுத்து. கடைசியில் வீட்டார் அவனைத் தூக்கிக்கொண்டுபோய்க் கொல்லையில் போட்டுவிடுகிறார்கள். அந்த வேஷத்தை அப்பா தானாகவே போய்க் கேட்டு வாங்கிக்கொண்டார். நாலு பேர் நடுவில் பேசவே கூச்சப்படுகிறவர் என்பதால் எல்லோருக்கும் ஆச்சரியம்.

ஒத்திகை வீட்டிலும் நடந்தது. இட்லியைப் பிய்க்கப் போன விரல்கள் தட்டின் மேல் நின்று நடுங்கும். தம்ளர் சாய்ந்து காப்பி சிந்தும்.

"கை மரமாயிருச்சு பாப்பா" என்று அப்பா சிரிப்பார்.

முதல் வாரம் நானும் சிரித்தேன். ஒருநாள் கதவிடுக்கில் பார்த்தேன். அப்பா கண்ணாடி முன் தனியாக நின்று, ஆடிக்கொண்டிருந்த வலது கையை இடது கையால் அழுத்திப் பிடித்திருந்தார். சிரிப்பே இல்லை.

அம்மாவிடம் ஓடினேன். "யாரும் பாக்காதப்பவும் அப்பா நடிக்கிறாங்கம்மா."

உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்த அம்மா தலை நிமிரவில்லை. "பழகுனாத்தானே வரும்? போயி ஒன் சோலியப் பாரு."

நாடகம் பிற்பகல் மூன்று மணிக்கு. மூடுபனி வந்து அடைத்து மண்டபத்து ஜன்னல்கள் வெளுத்திருந்தன. மாணவர்கள் பத்துப் பேர் தோளோடு தோள் சேர்ந்து சுவரானார்கள். அந்தச் சுவர் மூச்சு விட்டது. அடி அடியாக அப்பாவை நெருக்கியது. அப்பாவின் கை ஆடியது, விறைத்தது. பிறகு கால், கழுத்து. நான்கு பேர் அவரைக் கட்டையைப் போலத் தூக்கியபோது அவர் முகம் என் பக்கம் திரும்பியது. கண்கள் திறந்திருந்தன, இமைக்கவில்லை.

"அப்பாவக் கீழ விடுங்க!" என்று அலறினேன். கைதட்டலில் அது யாருக்கும் கேட்கவில்லை.

மேடைக்குப் பின்னால் ஓடினேன். அப்பா பெஞ்சில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பட்டனோடு போராடிக்கொண்டிருந்தார்.

"நாடகம் முடிஞ்சிருச்சுல்லப்பா?"

"முடிஞ்சிருச்சு பாப்பா."

ஆனால் விரல்கள் நிற்கவில்லை. என் பின்னாலேயே வந்திருந்த அம்மா, தலைமையாசிரியர் பாராட்ட வருவதைப் பார்த்து, வெரசாக முன்னே போய் அவருக்கும் அப்பாவுக்கும் நடுவில் நின்றுகொண்டு, தானே பட்டன்களைப் போட்டுவிட்டாள்.

நாடகம் அப்பாவுக்குள் ஒட்டிக்கொண்டுவிட்டது என்று நம்பினேன். மறுநாள் காலையில் நாடகத்தில் அப்பா போட்டிருந்த சட்டையை எடுத்து அடுப்பில் திணித்தேன். அம்மா பார்த்துவிட்டாள். அடி விழும் என்று காத்திருந்தேன். அவள் என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, சட்டை எரிந்து முடியும்வரை அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வருடம் வேறு ட்ரில் மாஸ்டர் வந்தார். பள்ளிக்கூடத்து வீட்டைக் காலி செய்துவிட்டு நாங்கள் பழனிக்கு இறங்கினோம்.

இது நரம்பு நோய், குணமாகாது என்று மதுரை டாக்டர் நாடகப் பேச்சு எழுவதற்கு முன்பே சொல்லிவிட்டாராம். கை ஆடுவதை ஊர் ஒத்திகை என்று நினைக்கட்டும் என்றுதான் அப்பா அந்த வேஷத்தைக் கேட்டு வாங்கியிருக்கிறார். எனக்கு இதெல்லாம் தெரிய வந்தது வெகு காலம் கழித்துத்தான். அன்று மண்டபமே எழுந்து நின்று கைதட்டியபோது அம்மா மட்டும் கைகளை மடியில் கோத்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு நாடகம் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.