ஆறாவது கட்டத்தில் எழுதியது

பம்பாய் ரயிலில் பெண்கள் பெட்டியில் பக்கத்தில் உட்காருகிறவள் முதலில் பெயரைக் கேட்க மாட்டாள். "ஆப்கா நேட்டிவ் கோன்சா?" என்றுதான் கேட்பாள். நேட்டிவ் என்றால் இங்கே சொந்த ஊர். கூடையில் மீன் கொண்டு போகிறவளுக்கும் அது உண்டு, டெலிபோன் ஆபீசுக்குப் போகிறவளுக்கும் உண்டு. இங்கேயே பிறந்து இங்கேயே தலை நரைத்தவர்கள்கூட ஏதோ ஒரு ஜில்லாவின் பெயரைச் சொல்வார்கள். பம்பாய் என்று ஒருத்தி பதில் சொல்லி நான் கேட்டதில்லை. நானும் கேட்டவர்களுக்கெல்லாம் திருநெல்வேலிப் பக்கம் என்றே சொல்லி வந்திருக்கிறேன். நான் மூன்று வயதில் அம்மா இடுப்பில் உட்கார்ந்து வந்தவள். அதற்குப் பிறகு ஊருக்குப் போனது நாலு தடவை, அதில் இரண்டு சாவுக்கு. ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். இந்தப் பழக்கம் என் படிப்பில் ஒரு வருஷத்தைத் தின்றுவிட்டது.

அப்பா தாராவியில் ஒரு தோல் கம்பெனியில் மேஸ்திரி. வீடும் அங்கேயே, கோலி என்று இங்கே சொல்லும் ஒற்றை அறை. நான் கோட்டைப் பகுதியான போர்ட்டில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் டைப்பிஸ்ட். காலைக் கல்லூரியில் சரித்திரம் எடுத்து பி.ஏ. முடித்தேன். நாள் முழுக்க அடுத்தவர்கள் கடிதத்தை அடிக்கிறவளுக்கு, வகுப்பில் சொந்தமாக ஒரு கேள்வி கேட்கக் கிடைத்தது பெரிய விஷயமாக இருந்தது. எம்.ஏ. படித்தே தீர வேண்டும் என்று பிடிவாதம் வந்துவிட்டது. ஆனால் எம்.ஏ. வகுப்புகள் ஆபீஸ் நேரத்தில். வேலையை விட்டால் அப்பா சம்பளத்தில் மட்டும் வீடு ஓடாது. ஆகவே உதவித்தொகை கிடைத்தால் எம்.ஏ., கிடைக்காவிட்டால் டைப்ரைட்டர்தான்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் டிரஸ்ட் டிரஸ்டாக ஏறி இறங்கினேன். ஒரு மாடியில் வயதான குஜராத்திக்காரர் என் தாளைப் பார்த்துவிட்டு, ஹிஸ்டரியில் என்ன செய்யப் போகிறாய் என்று இந்தியில் கேட்டார். என்ன ஆராய்ச்சி என்று கேட்கிறார் என நினைத்து, இந்தத் துறைமுகத்துக்குக் கூலிகள் எப்போது எங்கிருந்து வந்தார்கள் என்று படிக்கப் போவதைப் பத்து நிமிஷம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது சரி மகளே, வேலை என்ன கிடைக்கும்?" என்றார். வீட்டில் இன்ஜினியரிங் படிக்கிற தம்பி இருந்தால் கூட்டிவரச் சொன்னார். எனக்குத் தம்பி இல்லை. மாதுங்காவில் நம்மவர்கள் நடத்தும் சங்கத்தில் காரியதரிசி மாமி காபி கொடுத்து, "சரித்திரம் எதுக்குடி கண்ணு? பி.டி. பண்ணிடு, ஸ்கூல்ல உடனே எடுத்துப்பா" என்றாள். காபி நன்றாக இருந்தது. சயான் ஸ்டேஷனில் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது கால் மட்டுமல்ல, பேசிப் பேசி வாயும் வலித்தது.

கடைசியில் மிஞ்சியது சர்க்கார் உதவித்தொகை. என்ன பாடம் என்று அது கேட்கவில்லை. இந்த மாநிலத்தில் நிலையாகக் குடியிருப்பவராக இருந்தால் போதும். அது எனக்கென்றே வைத்த நிபந்தனை என்று சந்தோஷப்பட்டேன். விண்ணப்பத்தில் ஆறாவது கட்டம் நிரந்தர முகவரி. அங்கே பேனா நின்றது. அப்பா எட்டிப் பார்த்தார்.

"என்னத்த யோசிக்க? ஊரு அட்ரச எழுது."

"நாம இங்கதானப்பா இருக்கோம்?"

"இருக்கோம். ஆனா இது வாடகைக் கோலியில்லா. சேட்டு நாளைக்கே எந்திரின்னா எந்திரிக்கணும். பெர்மனென்டு ஊருதான்."

ஊர் வீட்டில் இப்போது நிற்பது ஒரு அறை. அதன் சாவி சித்தப்பாவிடம். ஆனாலும் என் பள்ளிக்கூடச் சர்டிபிகேட்டிலிருந்து ஆபீஸ் ரிஜிஸ்டர் வரை அந்த முகவரிதான். எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள். நானும் எழுதினேன். கோலி நம்பரை ஏழாவது கட்டத்தில், தற்போதைய முகவரி என்று போட்டேன். கடிதங்கள் நிரந்தர முகவரிக்கே அனுப்பப்படும் என்று அடியில் பொடி எழுத்தில் இருந்ததையும் படித்தேன். பிழை கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவளுக்கு அப்போது ஒன்றும் உறைக்கவில்லை.

ஜூன் போய் மழை வலுத்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து வந்த ஒருவர் கருப்பட்டிப் பொட்டலமும் ஒரு கவரும் கொண்டுவந்து கொடுத்தார். கவரோடு சித்தப்பாவின் துண்டுச் சீட்டு: "மகளுக்கு சர்க்கார் கடுதாசி வந்திருக்கு. முத்திரை பெருசா இருக்கு, நல்ல சேதியாத்தான் இருக்கும். திரும்பத் தபாலில் போட்டா தொலைஞ்சு போகும்னு பயந்து, கோயில் அசனச் சாப்பாடு முடிஞ்சு பம்பாய்க்கு வாற ஆளு கையில கொடுத்து விட்டிருக்கேன்." மூன்று வாரம் அதை பைபிளுக்குள் வைத்துக் காத்திருக்கிறார் பாவம். குடியிருப்பு பற்றி நேரில் வந்து விளக்கச் சொல்லியிருந்த தேதி போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது.

மறுநாள் லீவு போட்டு உதவித்தொகை ஆபீசுக்கு ஓடினேன். ஜன்னலில் இருந்த மராட்டிக் குமாஸ்தா ஆறாவது கட்டத்தில் விரலை வைத்தார். "நிரந்தரமாக அங்கே இருக்கிறேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மதராசில் கேளுங்கள்." பத்தொன்பது வருஷமாக இங்கேதான் இருக்கிறேன் என்றேன். ரேஷன் கார்டைக் காட்டினேன். எனக்கு அழுகை முட்டியது, ஆத்திரமும் வந்தது.

"உங்கள் நேட்டிவ் எது?" என்று கேட்டேன்.

"ரத்னகிரி."

"இந்தக் கட்டத்தில் நீங்கள் என்ன எழுதுவீர்கள்?"

அவர் கட்டத்திலிருந்து விரலை எடுத்தார். "நானும் ரத்னகிரிதான் எழுதுவேன், பெஹன்ஜி. ஆனால் ரத்னகிரி மகாராஷ்டிராவில் இருக்கிறது" என்றார். கெட்ட மனுஷர் இல்லை. அடுத்த வருஷத்துக்கு ஒரு புது பாரத்தை எடுத்துக் கையில் கொடுத்தார். மதராசுக்கும் எழுதிக் கேட்டேன். அங்கே உள்ள கல்லூரிகளில் படிப்பவர்களுக்குத்தான் என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அந்த வருஷத்து எம்.ஏ. இடம் வேறு யாருக்கோ போயிற்று. நான் கப்பல் கடிதங்களை அடித்தேன்.

இந்த வருஷம் அந்த பாரத்தை அப்பா முன்னால் வைத்துத்தான் நிரப்பினேன். ஆறாவது கட்டத்தில் கோலி நம்பர், தாராவி, பம்பாய் என்று எழுதினேன். பத்தாவது கட்டம் தகப்பனாரின் நிரந்தர முகவரி. பேனாவை அவரே வாங்கிக்கொண்டு, தமிழில், பெரிய பெரிய எழுத்தாக ஊர்ப் பெயரை எழுதினார். இங்கிலீஷில்தான் எழுத வேண்டும் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அதன் மேலேயே பொடியாக இங்கிலீஷில் எழுதிச் சேர்த்தேன்.

நேற்று நேர்காணலுக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. கோலி வாசலுக்கே வந்து தபால்காரர் என் பெயரைக் கூப்பிட்டார். தேதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. அப்பா கவரை வாங்கி முகவரியை மட்டும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனிம ஊருக்கு உனக்குக் கடுதாசி வராது, என்னட்டி?" என்றார்.

வராதுப்பா என்றேன்.