சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட ஒப்பாரி

அயர்லாந்தில், கோல்வே நகரத்தில், நான் குடியிருக்கும் வீட்டுச் சுவர் வெறும் அட்டை. பக்கத்து வீட்டு மூதாட்டி மோரா தும்மினால் எனக்குக் கேட்கும். ஆனால் ஆறு வருஷமாகப் படிக்கட்டில் பார்த்தால் "லவ்லி டே" என்பதோடு சரி. வெளியே மழை கொட்டினாலும் லவ்லி டேதான்! சத்தம் காட்டாமல் வாழ்வதுதான் இங்கே மரியாதை. நானும் பழகியிருந்தேன், அம்மா சாகும்வரை.

என் குடியிருப்பு அட்டை புதுப்பிக்கப் போயிருந்த வாரத்தில் கடலூரில் அம்மா இறந்துபோனார். அட்டை இல்லாமல் கிளம்பினால் திரும்பி வர முடியாது. எங்கள் பக்கத்தில் பெற்ற மகள் தெருமுனையிலிருந்தே கதறிக்கொண்டு வர வேண்டும். அவள் குரல் கேட்காமல் பெட்டியை மூட மாட்டார்கள். அண்ணி போனைப் பெட்டியருகே நாற்காலியில் சாய்த்து வைத்து, "அழுவு ஸ்டெல்லா, ஒங்கம்மா கேக்கட்டும்" என்றார். இங்கே காலை பத்தரை மணி. சமையலறைத் தரையில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதேன். "என்னப் பெத்த அம்மா, பஸ்ஸு ஏறுனாலே வாந்தி எடுப்பியே, என்னப் பிளேன் ஏத்தி உட்டியே!" நான் சிதம்பரத்தில் நர்சிங் படித்தபோது அம்மா மாதாமாதம் பார்க்க வருவார். புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாராம். ஆனாலும் ஒரு மாதம்கூட வராமல் இருந்ததில்லை. நான்தான் போகவில்லை.

அழுது ஓய்ந்தபோது மோரா கதவைத் தட்டினார். புகார் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, "சாரி, நாய்ஸ்" என்று உளறினேன். அவர் தலையை ஆட்டி, "யூ வேர் கீனிங்" என்றார். எனக்கு விளங்கவில்லை. ஒரு கடித உறையின் பின்னால் எழுதிக் காட்டி விளக்கினார். கீன் என்றால் செத்தவருக்காக வாய்விட்டுப் புலம்பி அழுவது. ஐரிஷ் மொழியின் சொல்லை ஆங்கிலம் எடுத்துக்கொண்டதாம். ஒருகாலத்தில் இங்கேயும் பெண்கள் பிணத்தைச் சுற்றி உட்கார்ந்து ராகம் போட்டு அழுதிருக்கிறார்கள். பாதிரியார்கள் கண்டித்துக் கண்டித்து அது நின்றுபோயிற்றாம். தன் அம்மாவின் அடக்கத்தில் எல்லோரும் சாண்ட்விச் தின்று, டீ குடித்துக் கலைந்துபோனதாகச் சொல்லிவிட்டு, மோரா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் அண்ணியிடம் போனில் கேட்டேன். "நான் அழுதது அங்க நல்லா கேட்டுச்சா அண்ணி?"

"அது வந்து... ஃபாதர் ஜெபம் ஆரம்பிச்சாரும்மா. ஒன் சத்தம் ஜாஸ்தியா இருக்குன்னு ஒங்க அண்ணன் சவுண்ட நிறுத்திட்டாரு. திரும்ப வைக்க மறந்தே போச்சு. மனசுல வச்சுக்காத."

"ஆரம்பத்துலயேவா?"

"ஆமாம்மா."

போனை வைத்தேன். நேராகப் போய் மோராவின் கதவைத் தட்டி, நேற்று நான் அழுதது கேட்டதா என்றேன்.

"எவ்ரி வேர்ட்" என்றார். ஒரு வார்த்தை விடாமல்! அதில் 'அம்மா', 'பஸ்ஸு', 'பிளேன்' தவிர அவருக்கு எதுவும் புரிந்திருக்காது.

மோரா எழுதிக் காட்டிய அந்த உறை இப்போது அம்மா படத்துக்குப் பின்னால் இருக்கிறது. கல்லறைத் திருநாளுக்குக் கடலூர் போவேன், மெழுகுவர்த்தி ஏற்றுவேன். ஆனால் பெற்றவளுக்கு நீ அழுதாயா என்று ஊரில் யாராவது கேட்டால், சாட்சிக்கு இங்கிருந்து மோராவைத்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.