அலுமாரிக்கு எழும்பி நின்றது

எனக்கு நோர்வே மொழி தெரியாது. தமிழும் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் எந்த இடத்தில் எழும்பி நிற்க வேண்டும் என்று எனக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை.

நோர்வேயில், வெஸ்ட்லி என்ற இடத்தில் மகனோடும் மருமகளோடும் இருந்தேன். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் அவர்கள் தொலைக்காட்சியில் ஒரு பகிடி நிகழ்ச்சி பார்ப்பார்கள். ஒருவன் குளிக்கும் தொட்டிக்குள் இருந்தபடி பஸ்ஸுக்குக் காத்திருப்பான். இன்னொருவன் மீனுக்குத் தலை வாரிவிடுவான். நடிக்கிறவர்கள் மருந்துக்கும் சிரிக்க மாட்டார்கள். மகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். அவனைப் பார்த்து மருமகள் சிரிப்பாள். விளங்கவில்லையா என்று என்னைக் கேட்பான். விளங்குவதற்கு அதில் ஒன்றுமில்லை என்பேன். அதற்கும் சிரிப்பான்.

என் கணவர், வீட்டைப் பார்க்க ஆள் வேண்டும் என்று ஊரிலேயே நின்றவர். நான் இங்கே இருக்கும்போது அவர் காலமானார். சண்டையில் ஊருக்குப் போகும் பாதை பூட்டியிருந்தது. எங்களால் போக முடியவில்லை. மகன் வைக்க வேண்டிய கொள்ளியை அவருடைய தம்பியின் மகன் வைத்தான். எங்கள் பக்கத்தில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. வாசல் படலையில் நின்று, பாடை தெரு முடக்கில் திரும்பி மறையும்வரை பார்த்து அனுப்புவோம். பிறகு வீடு கழுவித் தலை முழுகுவோம். எனக்குத் தொலைபேசியில் பறைச் சத்தம் மட்டும் கேட்டது. மருமகள் தண்ணீர் சுடவைத்துத் தந்தாள். முழுகினேன். ஆனால் அவரை அனுப்பிவிட்டு முழுகின முழுக்கு இல்லை அது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை தொலைக்காட்சி போடவில்லை. முடிந்து வந்த வெள்ளிக்கிழமை மகன் போட்டான். கறுப்பு உடுப்புப் போட்ட நாலு பேர் பனிக்குள்ளால் எதையோ தோளில் சுமந்து வந்தார்கள். இந்த நாட்டில் பறையில்லை, ஒப்பாரியில்லை, சாவீடு இப்படித்தான். செய்தி என்று நினைத்து எழும்பி நின்றேன்.

கிட்ட வந்த பிறகு பார்த்தால் அது உடுப்பு அலுமாரி. கதவைத் திறந்து உள்ளேயிருந்து ஒருவன் கோப்பி குடித்தான். மகன் பெரிதாகச் சிரித்தான். மருமகள் என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"மாமி, இது பகிடி. இருங்கோ."

"தெரியுது பிள்ளை. அது போய் மறையட்டும், பிறகு இருக்கிறன்."

எழும்பினவள் பாதியில் இருக்கிறதில்லை. அந்த நாலு பேரும் அடி பிசகாமல் நடந்தார்கள். தூரத்தில் ஒரு முடக்கு தெரிந்தது. மகனுடைய சிரிப்பு நின்றுபோனது.

"அம்மா, நிப்பாட்டட்டோ?"

"நிப்பாட்டாதை. முடக்காலை திரும்பட்டும்."

அவன் எழும்பி வந்து எனக்குப் பக்கத்தில் நின்றான். தொலைக்காட்சிக்குள் பார்க்க வந்த ஆட்களின் சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அலுமாரி சின்னதாகி, மரங்களுக்குப் பின்னால் மறைந்தது.

நான் குளியலறைக்குப் போய்ச் சுடுதண்ணீரைத் திறந்தேன். இந்தக் குளிருக்குத் தலை முழுகினால் தடிமன் வரும் என்று மருமகள் கதவடியில் நின்று சொன்னாள்.

"விடு," என்றான் மகன். "அம்மா முழுகட்டும்."

நான் வெளியே வந்த பிறகு, அவனும் துவாயை எடுத்துக்கொண்டு முழுகப் போனான்.